அவர்கள் முதுகைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?

அப்பாவையோ அம்மாவையோ, மாமனார் மாமியாரையோ வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் உங்களுக்கும், வெளியூரிலிருந்து பணம் அனுப்பி ஆள் வைத்துப் பார்த்துக்கொள்ளும் உங்களுக்கும் சேர்த்து இந்த மடல்.



தோல் நோய்ப் பிரிவில் நெடுங்காலம் நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். உங்கள்மேல் எனக்கு மரியாதை உண்டு. வேலைக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் நடுவே வயதானவர்களைக் கைவிடாமல் வைத்திருக்கிறீர்கள். ஆனாலும் ஒரு மனக்குறை இருக்கிறது. அதை நேரடியாகச் சொல்லிவிடுகிறேன்.

அப்பாவின் சர்க்கரை அளவு உங்களுக்கு மனப்பாடம். அம்மாவின் பிரஷர் எத்தனை என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தினமும் வருகிறது. வருடம் ஒருமுறை மாஸ்டர் செக்கப் என்று அழைத்துப்போய் ரத்தம், சிறுநீர், ஈசிஜி, ஸ்கேன் எல்லாம் எடுத்து ஃபைலில் போட்டு வைக்கிறீர்கள். அவர்கள் முதுகைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? குதிகாலை? கால்விரல் இடுக்கை? இடுப்பில் பாவாடை நாடா அழுத்தும் இடத்தை? பெரும்பாலான வீடுகளில் இதற்குப் பதில் கிடையாது. புற்றுநோயாகிப்போன புண்ணோடும், எலும்பு தெரியும் படுக்கைப் புண்ணோடும் வந்தவர்களின் பிள்ளைகள் எங்களிடம் சொன்ன முதல் வார்த்தை, "எங்களுக்குத் தெரியவே தெரியாது சிஸ்டர்" என்பதுதான். அவர்கள் பொய் சொல்லவில்லை. அதுதான் என் வருத்தம்.

முன்பு இப்படி உடம்பைப் பார்ப்பது தானாக நடந்தது. ஆண்களுக்குப் புதன், சனி, பெண்களுக்குச் செவ்வாய், வெள்ளி என்று எண்ணெய்க் குளியல் இருந்தது. முதுகுக்கு எண்ணெய் தேய்க்க மனைவியோ மகனோ பேரனோ ஒரு கை வேண்டியிருந்தது. அந்தக் கை முதுகில் எது புதிதாக முளைத்திருக்கிறது என்று தெரிந்துகொண்டது. இப்போது குளியலறைக் கதவு சாத்திக்கொள்கிறது. அம்மா மகனிடம் காட்டக் கூசுகிறாள், அப்பா மருமகளிடம் காட்டக் கூசுகிறார். கேட்டால் "ஒண்ணுமில்லப்பா" என்கிறார்கள். நீங்களும் நம்பிவிடுகிறீர்கள்.

அரிப்பிலிருந்து தொடங்குகிறேன், முதியவர்களை அதிகம் வாட்டுவது அதுதான். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து முதுகைச் சுவரில் தேய்த்துக்கொண்டிருக்கும் பெரியவரிடம், "வயசானா தோல் அப்படித்தான்" என்கிறோம். அதில் பாதி உண்மை. வயதாக ஆக எண்ணெய்ச் சுரப்பிகள் குறைவாகச் சுரக்கின்றன, மேல்தோல் மெலிகிறது, அதற்கு அடியில் இருக்கும் கொலாஜன் குறைகிறது. ஈரத்தைப் பிடித்து வைக்கும் சக்தி தோலுக்குப் போய்விடுகிறது. முழங்காலுக்குக் கீழே பாருங்கள், கோடையில் வற்றிய கண்மாய் போல வெடித்திருக்கும். மார்கழி, தை மாதங்களிலும் ஏசி அறையிலும் இன்னும் மோசமாகும்.

இந்தத் தோலுக்கு நாம் என்ன செய்கிறோம்? "நல்லா சூடா ஊத்திக்குங்க, அரிப்பு அடங்கும்" என்று கொதிக்கிற வெந்நீர் வைத்துத் தருகிறோம். கிருமி போகட்டும் என்று காரமான சோப்பு. போதாததற்கு பக்கெட்டில் டெட்டால் ஒரு மூடி. வெந்நீர் ஊற்றும்போது சுகமாகத்தான் இருக்கும், இருக்கிற கொஞ்சம் எண்ணெயையும் கழுவிக்கொண்டு போய்விடும். தோல் இயல்பில் லேசான அமிலத்தன்மை கொண்டது, சோப்பு அதற்கு நேர்மாறான காரம். ஒரு நாளைக்கு இரண்டு வேளை உடம்பு முழுக்க அதைத் தேய்த்தால் அரிக்காமல் என்ன செய்யும்? வெதுவெதுப்பான தண்ணீர் போதும். சீக்கிரம் குளித்து முடிக்கட்டும். சோப்பு அக்குள், தொடை இடுக்கு, பாதம் இவற்றுக்கு மட்டும். துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, ஈரம் முழுதாகக் காய்வதற்குள் எண்ணெயோ களிம்போ தடவுங்கள். இந்த நேரக் கணக்குதான் முக்கியம், பலரும் தவறவிடுவதும் இதைத்தான். விலை உயர்ந்த கிரீம் வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பெட்ரோலியம் ஜெல்லி போதும். தேங்காய் எண்ணெயும் நல்லதுதான். மினரல் ஆயிலுக்கு இணையாக அது வறண்ட தோலுக்கு வேலை செய்கிறது என்று பிலிப்பைன்ஸ் மருத்துவர்கள் 2004இல் ஆய்வு செய்து வெளியிட்டிருக்கிறார்கள். ஒன்று மட்டும், எண்ணெய் தடவிய காலோடு குளியலறையில் நடக்க விடாதீர்கள். தோலைக் காப்பாற்றப் போய் இடுப்பெலும்பை உடைத்துக்கொண்ட கதைகள் உண்டு.

இப்படிச் சில வாரம் ஒழுங்காகச் செய்தும் அரிப்பு நிற்கவில்லையா? இனி "வயசு" என்று சொல்லாதீர்கள். சிறுநீரகம் பழுதானாலும், பித்தக் குழாய் அடைத்தாலும், தைராய்டு கெட்டாலும், இரும்புச்சத்து குறைந்தாலும், சில ரத்தப் புற்றுநோய்களிலும் அரிப்பு வரும். சாப்பிடும் மாத்திரையாலும் வரும். எழுபதைத் தாண்டியவருக்கு மாதக்கணக்கில் அரித்து, பிறகு கெட்டியான நீர்க்கொப்புளங்களாகக் கிளம்பும் ஒரு நோய் இருக்கிறது. உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் தோலையே தாக்குவதால் வருவது. வில்டாகிளிப்டின் போன்ற சர்க்கரை மாத்திரைகள் சிலருக்கு அதைத் தூண்டிவிடுவதுண்டு. அதற்காக நீங்களாக மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம். டாக்டரைப் பார்க்கப் போகும்போது எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள், அதுவே பெரிய உதவி.

அரிப்பிலேயே இன்னொன்று இருக்கிறது, பேசத்தான் உங்களுக்குப் பிடிக்காது. சிரங்கு. கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறு உண்ணி தோலுக்குள் வளை தோண்டி முட்டையிடுகிறது. ராத்திரியில் அரிப்பு உச்சத்துக்குப் போகும். விரல் இடுக்கு, மணிக்கட்டு, தொப்புளைச் சுற்றி, இடுப்பு, பிறப்புறுப்பு. "எங்க வீட்டுல அதெல்லாம் வராது" என்று பட்டுப்புடவை கட்டிய அம்மாக்கள் எங்களிடம் கோபப்பட்டிருக்கிறார்கள். சாதி, வசதி, சுத்தம் எதையும் அது கேட்பதில்லை. ஒரே கட்டிலில் படுத்த பேரனிடமிருந்து வரும், பார்த்துக்கொள்ள வரும் ஆயாவிடமிருந்து வரும், ஆயாவுக்கு உங்கள் வீட்டிலிருந்தும் போகும். பெர்மெத்ரின் களிம்பை டாக்டர் எழுதித் தருவார். கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை, நகத்தடி உட்பட, ராத்திரி தடவிக் காலையில் குளிக்க வேண்டும். முதியவர்களுக்குத் தலையிலும் காதின் பின்புறமும் தடவச் சொல்வார்கள். ஒரு வாரம் கழித்து மறுபடியும். வீட்டில் எல்லோரும் ஒரே நாளில் போட வேண்டும், அரிப்பு இல்லாதவர்களும், ஆயாவும்தான். இதைச் செய்யாமல் தாத்தாவுக்கு மட்டும் தடவிவிட்டு "மருந்து கேட்கலை" என்று திரும்பி வருபவர்களே அதிகம். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்குச் சிலசமயம் அரிப்பே தெரியாமல் கையிலும் காலிலும் பொருக்குத் தட்டிப்போகும். அந்தப் பொருக்கில் ஆயிரக்கணக்கில் உண்ணிகள் இருக்கும். ஒரு முதியோர் இல்லம் முழுவதற்கும் பரவ அப்படி ஒருவர் இருந்தால் போதும்.

இனி உங்கள் பீரோவில் இருக்கும் ட்யூபுக்கு வருகிறேன். எந்த வீட்டுக்குப் போனாலும் கண்ணாடி அலமாரியிலோ ஃபிரிட்ஜின் கதவிலோ நசுங்கிய ஒரு களிம்பு ட்யூப் இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது, இல்லை மருந்துக்கடைத் தம்பி கொடுத்தது. அதில் பெரும்பாலும் ஒரு பூஞ்சை மருந்து, ஒரு பாக்டீரியா மருந்து, அதோடு க்ளோபெட்டசால் போன்ற வீரியமான ஸ்டீராய்டு மூன்றும் கலந்திருக்கும். தடவிய இரண்டாம் நாளே அரிப்பு நிற்கும். "நல்ல மருந்து" என்று பேர் வாங்கிவிடும். ஆனால் இருந்தது படர்தாமரையாக இருந்தால், ஸ்டீராய்டு அந்த இடத்தின் எதிர்ப்பை அடக்கிப் பூஞ்சைக்குச் சோறு போடுகிறது. விட்டால் அரிக்கும், போட்டால் அடங்கும், வட்டம் மட்டும் பெரிதாகிக்கொண்டே போகும். கடைசியில் படர்தாமரையின் அடையாளமே மாறிப்போய் டாக்டரே திணறுவார். சர்க்கரை உள்ளவர்களுக்கு இடுப்பு, தொடை இடுக்கு, மார்புக்கு அடியில் என்று படர இது போதும். ஏற்கெனவே மெலிந்த முதியவரின் தோலை இந்த ட்யூப் இன்னும் மெலியவைக்கிறது. கட்டில் விளிம்பில் உரசினாலே கிழிந்துவிடும். தோலில் தடவும் ஸ்டீராய்டுகள் பலவற்றை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று மத்திய அரசு 2018இலேயே அறிவித்துவிட்டது. கடையில் கேட்டால் இன்றும் தருகிறார்கள். போய்க் கேட்பவர்கள் நாம்தான் என்பதால், கடைக்காரர்மேல் மட்டும் கோபப்பட எனக்கு மனம் வரவில்லை.

அக்கியைப் பற்றி உங்களிடம் கெஞ்சியே கேட்கிறேன். சிறுவயதில் வந்துபோன சின்னம்மையின் கிருமி நரம்பில் ஒளிந்திருந்து, வயதானபின் எதிர்ப்புச் சக்தி தளரும் நேரத்தில் கிளம்புவது அது. உடம்பின் ஒரு பக்கம் மட்டும், பட்டை கட்டியதுபோல் கொப்புளம். கொப்புளத்துக்குச் சில நாள் முன்பே அந்த இடம் எரியும், குத்தும். மார்பில் வந்தால் மாரடைப்போ என்று பயந்து ஓடுவார்கள். கொப்புளம் தெரிந்ததும் நம்மூர் வழக்கம், குயவர் வீட்டுக்குப் போய்க் காவி குழைத்து அக்கி எழுதிக்கொள்வது. அதை நான் இகழ மாட்டேன். எழுதுபவர் அன்போடுதான் எழுதுகிறார், பலர் காசும் வாங்குவதில்லை. ஆனால் கொப்புளம் எதைச் செய்தாலும் செய்யாவிட்டாலும் இரண்டு, மூன்று வாரத்தில் தானே காய்ந்துவிடும். அதனால்தான் எழுதியது பலித்ததாகத் தெரிகிறது. காயாமல் நிற்பது வலி. முதியவர்கள் சிலருக்கு மாதக்கணக்கில், வருடக்கணக்கில்கூட நிற்கும். சட்டை பட்டாலே துடிப்பார்கள். நோயின் கடுமையைக் குறைக்கும் வைரஸ் எதிர்ப்பு மாத்திரைகள் இருக்கின்றன, கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன். அந்த மூன்று நாளை நாம் காவியில் கழித்துவிடுகிறோம். முதலில் டாக்டர், அதன்பின் உங்கள் நம்பிக்கைப்படி என்ன வேண்டுமானாலும், உடைந்த கொப்புளத்தின்மேல் மட்டும் மண் பட வேண்டாம். நெற்றியிலோ கண்ணருகிலோ மூக்கு நுனியிலோ வந்தால் அன்றைக்கே கண் டாக்டரிடம் போங்கள், பார்வை போகும் ஆபத்து உண்டு. ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இரண்டு தவணையாகப் போடும் தடுப்பூசி 2023 முதல் இந்தியாவில் கிடைக்கிறது. விலை அதிகம்தான். முடிந்தவர்கள் டாக்டரிடம் கேட்டுப் பாருங்கள்.

பயப்பட வேண்டாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். முகத்திலும் முதுகிலும் ஒட்டவைத்ததுபோல் கறுப்பாகத் தடித்து வரும் முளைகள், கழுத்து மரு, மார்பில் சிவப்புப் பொட்டுகள், கை கால்களில் மிளகளவு வெள்ளைப் புள்ளிகள் எல்லாம் பெரும்பாலும் வயதின் வரவுகள். மருவை முடி கட்டி அறுக்காதீர்கள், சுண்ணாம்பு வைக்காதீர்கள். முன்கையில் திடீர் திடீரென்று கருஞ்சிவப்பாக ரத்தம் கட்டுவது, மெலிந்த தோலாலும் ஆஸ்பிரின் போன்ற மாத்திரையாலும். அதைப் பார்த்ததும் ஆயாவைச் சந்தேகப்பட்டு வேலையைவிட்டு நிறுத்தியவர்களைத் தெரியும். அதே சமயம், மேற்கையின் உட்புறம், தொடை, முதுகு என்று அடிபட வாய்ப்பில்லாத இடங்களில் கன்றியிருந்தால் கேட்காமல் இருக்காதீர்கள். உணர்ச்சி இல்லாத, வெளிறிய தேமல் தெரிந்தால் தொழுநோய்க்குப் பரிசோதிக்க வேண்டும். அரசு மருத்துவமனையில் மருந்து இலவசம், முழுதாகக் குணமாகும்.

பயப்பட வேண்டியது ஆறாத புண். மூக்கின் ஓரம், கண்ணோரம், உதடு, பழைய தீக்காயத் தழும்பு, வெரிகோஸ் காலில் வருடக்கணக்கில் இருக்கும் புண், உள்ளங்காலில் அல்லது நகத்தடியில் புதிதாக வந்து விரியும் கறுப்பு. ஒரு மாதத்துக்கு மேல் ஆறாத எதையும் காட்டியாக வேண்டும். அம்மாக்களுக்கு இடுப்பையும் பாருங்கள். பாவாடை நாடாவைப் பத்து வயதிலிருந்து ஒரே இடத்தில் இறுக்கி முடிச்சுப் போட்டுப் பழகியவர்கள் அவர்கள். அந்த இடம் கறுத்து, உரிந்து, சிலருக்கு ஆறாத புண்ணாகி, அபூர்வமாகப் புற்றாகவும் மாறுகிறது. வேட்டி இறுகும் இடத்தில் ஆண்களுக்கு இப்படி வருவதை பம்பாய் மருத்துவர் கனோல்கரும் சூர்யாபாயும் 1945இலேயே எழுதினார்கள். மகாராஷ்டிரத்தில் எழுபது வயதுப் பெண்ணுக்கு நாடா அழுத்திய இடத்தில் புற்று வந்ததை 2024இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழ் ஒன்று வெளியிட்டது. நாடாவுக்குப் பதில் அகலப் பட்டி வைத்துத் தைத்துக் கொடுங்கள். தையல்காரருக்கு அரைமணி நேர வேலை.

இனி படுக்கையிலிருந்து எழ முடியாதவர்கள். அவர்களுக்காகத்தான் இந்த மடலையே எழுத உட்கார்ந்தேன். படுக்கைப் புண் அசிங்கத்தால் வருவதில்லை, அழுத்தத்தால் வருகிறது. எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவே மாட்டிய சதை ரத்தம் கிடைக்காமல் சில மணி நேரத்திலேயே கெட ஆரம்பிக்கும். வால் எலும்பு, இடுப்பின் பக்கவாட்டு எலும்பு, குதிகால், பின்தலை. புத்தகங்கள் எல்லாம் "சிவந்திருக்கும்" என்கின்றன, நம் நிறத்தில் சிவப்பு தெரியாது. சுற்றிலும் இருப்பதைவிடக் கறுத்தோ ஊதாவாகவோ இருக்கிறதா, தொட்டால் சூடாகவோ கெட்டியாகவோ கொளகொளவென்றோ இருக்கிறதா என்று கையால் பாருங்கள். அப்படி இருந்தால் அந்த இடத்தைத் தேய்த்துவிடாதீர்கள், அடியில் இருக்கும் சதை இன்னும் கிழியும். நடுவில் ஓட்டை உள்ள ரப்பர் வளையத்தில் உட்காரவைக்காதீர்கள், விளிம்பில் ரத்த ஓட்டம் நின்றுவிடும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வையுங்கள். கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்துக் குதிகால் மெத்தையில் படாமல் தூக்கிவிடுங்கள். காற்று மெத்தை வாங்கிவிட்டோம், இனிப் புரட்ட வேண்டாம் என்று நினைக்கும் வீடுகளில்தான் நான் மோசமான புண்களைப் பார்த்தேன். மெத்தை புரட்டுவதற்கு மாற்று அல்ல. டயாப்பர் ஈரத்தோடு ராத்திரி முழுக்கக் கிடந்தால் தோல் ஊறி வெந்துபோகும், அதன்மேல் பவுடர் கொட்டினால் கட்டிகட்டியாகித் தோலை உரசும். கழுவி, ஒற்றி, துத்தநாகக் களிம்பு தடவுங்கள்.

ராத்திரி இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் எழுந்து புரட்டுவது எவ்வளவு கொடுமை என்று எனக்குத் தெரியும். அதை எல்லா வீட்டிலும் மருமகள் ஒருத்தியே செய்கிறாள் என்பதும் தெரியும். மகன்களே, பாதி ராத்திரி உங்களுடையது.

நான் கேட்பது இவ்வளவுதான். வாரம் ஒருநாள், பகல் வெளிச்சத்தில், ஜன்னலோரம் உட்காரவைத்து, தலைமுடியைப் பிரித்துத் தொடங்கி, காதின் பின்புறம், முதுகு, மார்பின் மடிப்பு, இடுப்பு, தொடை இடுக்கு, கால்விரல் இடுக்கு, குதிகால் வரை ஒருமுறை பாருங்கள். அம்மாவை மகளோ மருமகளோ, அப்பாவை மகனோ பேரனோ பார்க்கட்டும். புதிதாக ஏதாவது தெரிந்தால் போனில் படம் எடுத்து வையுங்கள், அடுத்த மாதம் ஒப்பிடலாம். வெளிநாட்டில் இருப்பவர்களே, வீடியோ காலில் "சாப்டீங்களா" என்று கேட்டபிறகு, பார்த்துக்கொள்பவரிடம் பாதத்தைக் காட்டச் சொல்லுங்கள். பிரஷர் மாத்திரை கொடுக்க மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தின் பணியாளர் வீட்டுக்கு வருகிறார் என்றால், வந்தவரை வாசலோடு அனுப்பாமல், உள்ளே அழைத்து, புண் ஏதாவது இருந்தால் அதையும் காட்டுங்கள்.

அடுத்த எண்ணெய்க் குளியலன்றே தொடங்குங்கள். சட்டையைக் கழற்றச் சொல்ல அப்பாவிடம் கூச்சமாக இருந்தால், ஒரு நர்ஸம்மா கண்டிப்பாகப் பார்க்கச் சொன்னார்கள் என்று சொல்லுங்கள். திட்டினால் அந்தத் திட்டு எனக்கு இருக்கட்டும். நீங்கள் பார்த்துவிடுங்கள்.